டிஸ்க் கோல்ஃபில் பெரிய தட்டை எறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிஸ்க் கோல்ஃப் ஆடும் யாருடைய பையையும் திறந்து பாருங்கள். தூரத்துக்கு டிரைவர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், கூடைக்கு அருகே பட்டர் என்று பதினைந்து தட்டுகள் இருந்தாலும் எல்லாம் ஏறக்குறைய ஒரே அகலம்தான். 21 சென்டிமீட்டருக்கும் 22 சென்டிமீட்டருக்கும் நடுவில் எல்லாமே அடங்கிவிடும். அந்தப் பையில் 24, 27 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தட்டை வைத்தால் அது எதற்கு உதவும், எப்படிப் பிடிப்பது, எங்கே எறிவது, எங்கே எறியவே கூடாது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பெரிய தட்டு புதுசாக வந்த வேடிக்கைப் பொருள் இல்லை, இந்த ஆட்டத்தில் அதுதான் மூத்தது. 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தபோது, எல்லாரும் எறிந்தது அகலமான, விளிம்பு உருண்ட ஃபிரிஸ்பீகளைத்தான். விளிம்பைச் சரிவாகச் சீவிய தட்டை 1983-ல் டேவ் டுனிபேஸ் கொண்டுவந்த பிறகே தட்டுகள் சிறுத்தன, வேகம் கூடியது. ஆக, பெரிய தட்டைக் கையில் எடுப்பவர் இந்த ஆட்டம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போகிறார்.

ஆட்டமே புதிது என்பவர்களுக்கு: டீ என்னும் தொடக்க இடத்திலிருந்து எறிந்து, விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் மிகக் குறைந்த எறிதல்களில் தட்டைச் சேர்க்க வேண்டும். இனி நான் சொல்லும் திசைகள் எல்லாம் வலது கையால் பேக்ஹேண்ட் (கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து, புறங்கை முன்னே வர எறிவது) எறிபவருக்கானவை. இடது கைக்காரர்கள் இடம் வலமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்தத் தட்டு?

பெரிய தட்டில் இரண்டு குடும்பம் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்கிவிட்டு ஏமாறுபவர்கள் அதிகம்.

ஒன்று, பிடித்து விளையாடும் வகை. ஆங்கிலத்தில் பேசும் ஆட்டக்காரர்கள் இதை ‘லிட்’ என்பார்கள், பாத்திர மூடி என்ற பொருளில். பார்க்கவும் மூடி மாதிரிதான் இருக்கும். விளிம்பு மெலிசு, ஆனால் உள்ளே ஆழம். டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் அல்ட்ரா-ஸ்டார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 175 கிராம், அகலம் 27 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். சென்னைக் கடற்கரையில் அல்டிமேட் (தட்டை எறிந்து பிடித்து ஆடும் அணி ஆட்டம்) ஆடுபவர்களுக்கு இந்த வகைத் தட்டு கைக்குப் பழகியதுதான். புதிதாக ஒன்று வாங்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்காது.

இன்னொன்று, கோல்ஃபுக்கென்றே செய்த அகலத் தட்டு. இன்னோவா நிறுவனத்தின் காண்டர், ஜெஃபிர் இந்த வகை. வழக்கமான பட்டரைவிட அகலம் கூடுதல், விளிம்பு ஓரளவு சீவியிருக்கும், கைக்குக் கனமாகவும் தெரியும். மூடி வகை மிதக்கும், இந்த வகை மிதந்தபடியே கொஞ்சம் தள்ளிக்கொண்டும் போகும்.

போட்டியில் எறிய வேண்டுமானால் அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட பி.டி.ஜி.ஏ. என்னும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் உங்கள் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். விதிப்படி தட்டின் அகலம் 21 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். எடைக்குத்தான் ஒரு கணக்கு உண்டு: ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு 8.3 கிராம், எப்படியானாலும் 200 கிராமைத் தாண்டக் கூடாது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள், பெரிய தட்டின் குணம் முழுக்க இதில்தான் இருக்கிறது. 21.2 சென்டிமீட்டர் தட்டு ஏறக்குறைய 176 கிராம் வரை இருக்கலாம். 21.7 என்றால் 180. 24.1 வரும்போதே 200 கிராம் உச்சவரம்பு தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் அகலம் எவ்வளவு கூடினாலும் எடை கூட வழியில்லை. 27 சென்டிமீட்டர் அல்ட்ரா-ஸ்டார் அந்த உச்சவரம்பைக்கூடத் தொடாமல் 175 கிராமில் நிற்கிறது. அதாவது ஒரு சின்ன பட்டரின் எடைதான், ஆனால் காற்றுக்குக் காட்டும் பரப்பு ஏறத்தாழ 1.6 மடங்கு. பெரிய தட்டு தன் அளவுக்கு எடை குறைந்தது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதிப் படிகள் தானாகப் புரியும்.

இரண்டாம் படி: அது ஏன் அப்படிப் பறக்கிறது

பரப்பு கூடுதல் என்பதால் மெதுவாகப் போனாலும் காற்று அதைத் தாங்கிக்கொள்ளும். டிரைவர் தரையில் விழுந்து சறுக்கும் வேகத்தில் இது இன்னும் மிதந்துகொண்டிருக்கும். அதே பரப்பு காற்றை எதிர்க்கவும் செய்வதால், எவ்வளவு பலமாக எறிந்தாலும் வேகம் சீக்கிரம் குறைந்துவிடும். பலத்தைக் கூட்டினால் தூரம் கூடும் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

சுழற்சி அடுத்தது. எடை நடுவிலிருந்து தள்ளி இருப்பதால், சுற்ற ஆரம்பித்த பெரிய தட்டு லேசில் சுழற்சியை விடாது. ஆனால் சுற்ற வைப்பதற்கே கையில் கூடுதல் முயற்சி வேண்டும். சின்னத் தட்டில் பழகிய மணிக்கட்டு முதல் நாள் இதில் திணறும். அதைப் பார்த்துத் தட்டில்தான் குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லாத் தட்டும் வேகமாகப் போகையில் வலப்பக்கம் சாயப் பார்க்கும், வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாயும். வேகத்தில் காற்றின் தூக்குவிசை தட்டின் நடுவுக்குப் பின்னால் விழுகிறது. மெதுவாகும்போது அது முன்னால் நகர்கிறது. சுழலும் தட்டோ முன்னும் பின்னும் கிடைக்கும் உந்தலைப் பக்கச் சாய்வாக மாற்றிவிடும். மூடி வகைத் தட்டில் முதல் சாய்வு பெரிது, கடைசிச் சாய்வு சிறிது. பலமாக எறிந்தால் வலப்பக்கம் படுத்துக்கொண்டு தரைக்கு ஓடிவிடும். அளவாக எறிந்தால் நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் மெல்ல இறங்கும்.

மூன்றாம் படி: பிடி

டிரைவரைப் பிடிப்பது போல நான்கு விரலையும் விளிம்புக்குள் மடக்கி இறுக்காதீர்கள். விளிம்பு மெலிசாக இருப்பதால் விரல்கள் அங்கே நிற்காது, எறியும் நொடியில் தட்டு நழுவி முன்விளிம்பு மேலே தூக்கிக்கொள்ளும்.

நான் பிடிக்கும் விதம் இது. தட்டை உங்கள் முன்னால் ஒரு சாப்பாட்டுத் தட்டு மாதிரி கிடைமட்டமாக இடது கையில் தாங்கிக்கொள்ளுங்கள். வலது கைக் கட்டைவிரலை மேற்பரப்பில், விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே வையுங்கள். பெரும்பாலான மூடித் தட்டுகளில் அங்கே வரிவரியாக மெல்லிய கோடுகள் கைக்குத் தட்டுப்படும், அதுதான் கட்டைவிரலின் இடம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் விளிம்பின் உட்சுவரை அணைத்துக்கொள்ளட்டும். நடுவிரல் அடிப்பரப்பில் நடுவை நோக்கி நீளட்டும். ஆள்காட்டி விரலை விளிம்பின் வெளிப்பக்கமாகவோ உட்சுவரை ஒட்டியோ வைக்கலாம். வெளியே வைத்தால் திசை துல்லியமாகும், உள்ளே வைத்தால் பலம் கூடும். புதியவர்கள் வெளியே வைத்துத் தொடங்குங்கள்.

இப்போது இடது கையை எடுத்துவிடுங்கள். தட்டின் மறுகோடி கீழே தொங்கினால் பிடி தளர்வு. கட்டைவிரல் நகம் வெளுத்தால் பிடி இறுக்கம். இரண்டும் இல்லாமல் தட்டு தானாக நேராக நிற்க வேண்டும்.

ஃபோர்ஹேண்டுக்கு (உள்ளங்கை முன்னே வரப் பக்கவாட்டில் எறிவது) ஆள்காட்டி, நடு விரல் இரண்டையும் சற்று விரித்து, நடுவிரலை உட்சுவரில் பதித்து, ஆள்காட்டி விரலால் அடிப்பரப்பைத் தாங்குங்கள். பெரிய தட்டின் தள்ளாட்டம் ஃபோர்ஹேண்டில்தான் பளிச்சென்று தெரியும், அதனால் பேக்ஹேண்ட் கைவந்த பிறகு இதற்கு வாருங்கள்.

நான்காம் படி: நின்ற இடத்திலிருந்து எறிதல்

ஓட்டமும் குறுக்கு எட்டும் வேண்டாம், முதல் இரண்டு வாரம் நின்றே எறியுங்கள். இலக்குக்கு வலது தோளைக் காட்டி நில்லுங்கள். தட்டை மார்பு உயரத்தில் பின்னால் கொண்டுபோங்கள். முழுக் கை நீளத்துக்குப் போக வேண்டாம், இடது தோள் வரை போனால் போதும். பெரிய தட்டை ரொம்பப் பின்னால் இழுத்தால் முன்னே கொண்டுவரும்போது உடம்பைச் சுற்றி வளைந்து வரும், அப்போது திசை கெட்டுவிடும். மார்பை ஒட்டி நேர்கோட்டில் இழுத்து, கடைசியில் மணிக்கட்டைச் சுண்டி விடுங்கள். ஈரத்துணியை உதறும் அசைவு அது. கை மெதுவாக வரலாம், சுண்டுவது மட்டும் சுள்ளென்று இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது மூக்கு, அதாவது தட்டு போகும் திசையில் இருக்கும் முன்விளிம்பு. சின்னத் தட்டில் மூக்கு கொஞ்சம் தூக்கியிருந்தால் பத்து மீட்டர் தூரம் குறையும், அவ்வளவுதான். பெரிய தட்டில் அதே தவறு செய்தால் பலூன் மாதிரி எழும்பி, நின்று, உங்களை நோக்கியே திரும்பி வரும். இதற்கு நான் கண்ட மருந்து: கட்டைவிரலால் மேற்பரப்பை லேசாக அழுத்தி, மணிக்கட்டைச் சாவி திருப்புவது போலக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பி எறிவது. எறிந்த பிறகு தட்டின் அடிப்பரப்பு ஒரு கீற்றாவது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் மூக்கு சரி. மேற்பரப்பு தெரிந்தால் மூக்கு தூக்கியிருக்கிறது.

பெரிய தட்டு ஒரு நல்ல ஆசிரியர் என்று நான் சொல்வது இதனால்தான். தவறை மறைக்காது. தள்ளாட்டமும் மூக்குத் தூக்கலும் சாய்வும் அத்தனை பெரிய பரப்பில் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். நான் மூன்று மாதம் டிரைவரில் தேடியும் பிடிபடாத மூக்குத் தவறு, 175 கிராம் தட்டில் ஒரே சாயங்காலத்தில் பிடிபட்டது. அதைச் சரிசெய்த மறுவாரம் டிரைவரும் தானாகத் தூரம் போனது.

பலம் எவ்வளவு? உங்கள் முழு பலத்தில் பாதியில் தொடங்குங்கள். 30 மீட்டர் தள்ளி ஒரு செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ வைத்து, பத்துக்கு ஏழு முறை அதைச் சுற்றி மூன்று நான்கு எட்டுக்குள் விழும்வரை தூரத்தைக் கூட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: சாய்த்து எறிதல்

உங்கள் கைக்கு எதிர்ப்பக்க விளிம்பைத் தாழ்த்தி எறிந்தால் ஹைசர், உயர்த்தி எறிந்தால் அன்ஹைசர். பெரிய தட்டுக்கு ஹைசர்தான் தாய் எறிதல். பதினைந்து இருபது பாகை தாழ்த்தி எறியுங்கள். கிளம்பும்போது சாய்ந்திருக்கும் தட்டு, வேகத்தில் வலப்பக்கம் திரும்பும் குணத்தால் மெல்ல நிமிர்ந்து சமமாகி நேராக மிதக்கும். மரங்களுக்கு நடுவில் குறுகலான ஃபேர்வேயில் (டீயிலிருந்து கூடைக்குப் போகும் வழி) இதற்கு இணை கிடையாது. முக்கால் பலம் வரை இதில் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் நிமிர்ந்ததோடு நிற்காமல் வலப்பக்கம் கவிழ்ந்துவிடும்.

வலப்பக்கம் நீளமாக வளைய வேண்டிய ஃபேர்வேக்கு அன்ஹைசர். சின்னத் தட்டு பாதி வழியில் மனம் மாறி இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். பெரிய தட்டு கொடுத்த சாய்வைக் கடைசி வரை வைத்துக்கொள்ளும். பலத்தைக் குறைத்து, தோள் உயரத்தில் விட்டால் போதும்.

ஆறாம் படி: காற்று

எதிர்க்காற்றில் தட்டைப் பொறுத்தவரை அது இன்னும் வேகமாகப் போகிற மாதிரிதான். வலப்பக்கச் சாய்வு கூடும், மூக்கு ஒரு நூல் தூக்கியிருந்தாலும் மேலே அடித்துக்கொண்டு போகும். தாழ்வாக, கூடுதல் ஹைசரில், பலத்தைக் குறைத்து எறியுங்கள். பின்காற்று தட்டை அமுக்கும், கொஞ்சம் உயரம் கொடுங்கள். பக்கக் காற்றில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: காற்று தட்டின் அடியில் படுகிறதா, மேலே படுகிறதா? அடியில் பட்டால் தூக்கிக்கொண்டு போகும், மேலே பட்டால் தரையில் அமுக்கும். வலமிருந்து வீசும் காற்றில் ஹைசர் எறிந்தால் அடிப்பரப்பில் படும். தட்டு இடப்பக்கம் எங்கோ போய்விடும்.

மரக்கிளைகள் விடாமல் ஆடும் காற்று அடித்தால் பெரிய தட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஏழாம் படி: கூடைக்கு நெருங்கும் எறிதல்

பெரிய தட்டுக்காகப் பையில் இடம் ஒதுக்கலாம் என்று நான் சொல்வதே இந்த ஒரு எறிதலுக்காகத்தான். 25 முதல் 50 மீட்டர் தூரம். கூடைக்குப் பின்னால் சரிவு, இல்லையென்றால் ஓடை. சின்னத் தட்டு விழுந்து, சறுக்கி, சரிவில் உருண்டால் அடுத்த எறிதல் கீழேயிருந்துதான். பெரிய தட்டைச் சமமாக, மெதுவாக, நிறைய சுழற்சியோடு விடுங்கள். கூடைக்கு முன் ஏழெட்டு மீட்டரில் அதன் வேகம் நடைவேகத்துக்கு வந்துவிடும். கொஞ்சம் தொங்கி நிற்கும். அப்புறம் மெத்தை மேல் வைத்த மாதிரி இறங்கி, விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஈரப் புல்லாக இருந்தால் ஒரு சாண்கூட நகராது.

பட்டிங்குக்கு, அதாவது கூடைக்குள் போட எறியும் எறிதலுக்கு, இது ஏற்றதா என்றால் அவரவர் கைப்பழக்கம். சங்கிலியில் படும்போது அகலம் கூடுதலாக இருப்பதால் நிறைய சங்கிலியைப் பற்றும். கூடையின் மேல் வளையத்துக்கும் அடித்தட்டின் விளிம்புக்கும் இடையே நுழையும்போது அதே அகலம் இடைஞ்சலாகிவிடும், சற்றுச் சாய்ந்து போனால் விளிம்பில் மோதித் தெறிக்கும். ஆறேழு மீட்டருக்குள் நான் சின்ன பட்டரையே நம்புகிறேன். அதைத் தாண்டி, கூடைக்கு அருகே மிதக்கவிட்டால் போதும் என்ற இடங்களில் பெரியது. எதை எறிந்தாலும் கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் எறிந்தால், உடம்பை நிலைநிறுத்திக் காட்டிய பிறகே முன்னே கால் வைக்க வேண்டும் என்ற விதி உண்டு. மிதக்கும் தட்டை ஆசையாகப் பார்த்துக்கொண்டே நடந்துவிடாதீர்கள்.

எட்டாம் படி: உருட்டலும் தலைக்கு மேல் எறிதலும்

தாழ்ந்த கிளைகள் வழி முழுக்க மறைத்தால் ரோலர் எறிவார்கள்: தட்டைச் செங்குத்துக்கு நெருக்கமான அன்ஹைசரில் விட்டு விளிம்பிலேயே உருள வைப்பது. சின்னச் சக்கரம் குழியில் மாட்டும், பெரிய சக்கரம் தாண்டிப் போகும். இங்கேயும் அதே கதைதான். மேடு பள்ளமான புல்தரையில் அகலத் தட்டு நன்றாக உருளும். தரையை 45 பாகைக்கும் படுக்கையாகத் தொட்டால் சீக்கிரம் சாய்ந்துவிடும், இன்னும் நிமிர்த்தி விடுங்கள். உயரமான புல்லில் முயல வேண்டாம்.

புதருக்குள் மாட்டிக்கொண்டு, கையைப் பக்கவாட்டில் வீச இடமே இல்லாதபோது ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே தலைக்கு மேலிருந்து எறியலாம். தட்டு தலைகீழாகப் புரண்டு புதருக்கு மேலாகப் போய் விழும். அல்டிமேட் ஆடியவர்களுக்கு இது கைவந்த கலை. மற்றவர்கள் திறந்த வெளியில் இருபது முப்பது தடவை எறிந்து வளைவு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: பராமரிப்பு

மெல்லிய விளிம்பு மரத்தில் பட்டால் பிசிறு கிளம்பும், விரலைக் கிழிக்கும். மெல்லிய உப்புத்தாளால் பிசிறை மட்டும் தேய்த்துவிடலாம், அதை விதி அனுமதிக்கிறது. பறக்கும் விதமே மாறும் அளவுக்கு வடிவத்தைத் தேய்க்கக் கூடாது, விரிசல் விட்ட தட்டைப் போட்டியில் எறியக் கூடாது. வெயிலில் காரின் பின்கண்ணாடி ஓரம் வைத்துவிட்டுப் போகாதீர்கள், நடுப்பரப்பு வளைந்துவிடும். பையின் உள் அறைகள் சின்னத் தட்டுக்கென்று தைத்தவை என்பதால் அவற்றில் திணிக்க வேண்டாம். வெளிப்பக்கப் பையில் தட்டையாக நிற்கும்படி வையுங்கள்.

பத்தாம் படி: ஒரு முழு ஆட்டம்

ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு, கூட்டமில்லாத ஒரு காலையில், பெரிய தட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதினெட்டுக் கூடையும் ஆடிப் பாருங்கள். தூரக் கூடைகளில் இரண்டு எறிதல் கூடுதலாகும், பரவாயில்லை. எந்தக் கூடையில் டிரைவருக்கு நிகராகப் போனது, எங்கே காற்று கெடுத்தது என்று ஒரு சீட்டில் குறியுங்கள். அடுத்த ஆட்டத்தில் முழுப் பையோடு வரும்போது, அந்தச் சீட்டில் தேறிய இடங்களில் மட்டும் அதை வெளியே எடுங்கள். என் கணக்கில் பதினெட்டில் நாலைந்து இடம் தேறும்.

அந்த இடங்களில் இன்னொரு சின்ன லாபமும் உண்டு. தட்டு விழுந்த இடத்தில் அதையே அடையாளமாக விட்டுவிட்டு எறியலாம், அல்லது கையகல மினி தட்டு ஒன்றை அதன் முன்விளிம்பைத் தொட்டு வைத்துவிட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே விதிப்படி சரி. ஆனால் காலை ஊன்ற வேண்டியது அடையாளத் தட்டின் பின்விளிம்புக்குப் பின்னால். பெரியதை அப்படியே விட்டால் அதன் 27 சென்டிமீட்டருக்கும் பின்னால் நிற்பீர்கள். மினியை வைத்தால் அந்த 27 சென்டிமீட்டரும் உங்களுடையது. பட்டிங் தூரத்தில் அது ஏறக்குறைய ஒரு காலடி. அதனால் சட்டைப்பையில் மினி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.